முப்பதில் போங்க: ஆம்பூர் பாலத்தடியில் நான் கேட்டவை

ரோட்டில் வேலை நடக்கும் இடத்தில் வண்டிகளின் வேகத்தைக் குறைப்பது என் தொழில். அதாவது, அவசரத்தில் இருப்பவர்களிடம் அவசரப்படாதீர்கள் என்று சொல்லிப் பிழைக்கிறேன். வார்டு வாசலில் "பார்க்கிற நேரம் முடிஞ்சுது" என்று சொல்லும் நர்ஸுகள், "உள்ள போங்க, உள்ள போங்க" என்று தொண்டை கிழியக் கத்தும் கண்டக்டர்கள், பரீட்சை ஹாலில் "பேனாவைக் கீழ வை" என்னும் டீச்சர்கள் எல்லாரும் எனக்கு உறவு. நாம் சொல்வது நியாயம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது பக்கத்தில் இருப்பவனுக்குச் சொன்னது என்றுதான் ஒவ்வொருவரும் நினைப்பார்கள்.

என் பெயர் எஸ்தர். வீடு சத்துவாச்சாரியில். ஆம்பூர் பக்கத்தில் பெங்களூர் ரோட்டில் மேம்பாலம் கட்டும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். நடுவில் பாலம் எழும்புகிறது. வண்டிகள் எல்லாம் ஓரத்து சர்வீஸ் ரோட்டில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்பி கட்டும் ஆட்கள். இந்தப் பக்கம் சென்னை லாரி, தோல் லாரி, ஷூ ஃபேக்டரி பஸ், கல்யாணக் கார். நடுவில் நானும் என் போர்டும்.

இருபது

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த நீளம் முழுக்க "வேகம் 20" என்று போர்டு நட்டு வைத்திருந்தார்கள். ஆள் வேலை செய்கிற இடத்திலும் இருபது, ஈ காக்கா இல்லாத இடத்திலும் இருபது. வேகம் அளக்கும் ஸ்பீடு கன்னைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முழுக்க நின்று பார்த்தேன். அறுபதுக்குக் கம்மியாக வந்தவை பஞ்சரான வண்டிகள் மட்டும்தான். ப்ராஜெக்ட் மேனேஜர் ராவ் சாரிடம் போனேன். நெல்லூர்க்காரர், நல்ல மனிதர். ஆனால் பிளானில் ஒரு தடவை அச்சாகிவிட்டால் அவருக்கு அது வேதம். "இருபது போட்டாத்தான்மா நாப்பதுல போவான். நாப்பது போட்டா பறப்பான். இருக்கட்டும் விடு" என்றார்.

"சார், ஒரே ஒரு தடவை நீங்க இருபதுல ஓட்டிப் பாருங்க" என்று கம்பெனி ஜீப்பில் அவரை உட்கார வைத்தேன். முதல் போர்டைத் தாண்டியதுமே பின்னால் ஹாரன் சத்தம் ஆரம்பித்துவிட்டது. ஒரு லாரி எங்கள் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டே வந்தது. டவுன் பஸ் கண்டக்டர் தலையை வெளியே நீட்டிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. ராவ் சாரின் கால் தானாகவே ஆக்சிலேட்டரைத் தேடியது; நான் ஸ்பீடோமீட்டர் முள்ளைக் காட்டினேன், எடுத்துவிட்டார். பாதி தூரம் போவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கடைசியில் கீரைக்கட்டு ஏற்றிய ஒரு பழைய மொபெட் எங்களை நிதானமாக ஓவர்டேக் செய்தது. அதை ஓட்டிய பெரியவர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்து, நிஜமான அக்கறையோடு கேட்டார்: "இன்னா சார், வண்டி ரிப்பேரா? தள்ளி விடணுமா?"

கோணி

அதற்கப்புறம் ராவ் சார் மறுபேச்சுப் பேசவில்லை. தூரத்தில் ஐம்பது, கொஞ்சம் கிட்டே நாற்பது, ஆட்கள் நிற்கும் இடத்தில் மட்டும் முப்பது என்று மாற்றினோம். நான் இன்னொன்றும் கேட்டேன். வேலை இல்லாத நேரத்தில் அந்த முப்பது போர்டைக் கோணிப் பையால் மூடிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆளே இல்லாத இடத்தில் முப்பதில் போகச் சொன்னால், திங்கட்கிழமை ஆள் இருக்கும்போது யார் நம்புவார்கள்? சைட்டில் எல்லாரும் சிரித்தார்கள். "மேடம் போர்டுக்குத் துப்பட்டா போடுறாங்க" என்று கேலி பேசினார்கள். சாயங்காலம் மூட மறப்பார்கள், காலையில் எடுக்க மறப்பார்கள். மறந்த நாளெல்லாம் நானே ஸ்டூல் போட்டு ஏறினேன். யாரையும் திட்டவில்லை. தினமும் ஏறினேன், அவ்வளவுதான். ஒரு கட்டத்தில் அவர்களுக்கே வெட்கமாகி, நான் வருவதற்குள் கோணியை எடுத்துவிட ஆரம்பித்தார்கள்.

பேரணாம்பட்டுக்குப் பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிப் போகும் லாரி ஒன்று தினமும் அந்தப் பக்கம் போகும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் வாடையிலேயே அது வருவது தெரிந்துவிடும். அதை ஓட்டும் பாஷா பாய் முன்பெல்லாம் என்னைப் பார்த்தாலே ஹாரனில் கை வைப்பார். ஒருநாள் அவர் வண்டி முப்பதுக்குக் கொஞ்சம் கீழேயே ஊர்ந்து வந்தது. எனக்கு ஆச்சரியம். கிட்டே போய், "என்ன பாய், இன்னைக்கு இவ்வளவு மெதுவா?" என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "முன்னாடி உன் போர்டு தினம் பொய் சொல்லிச்சும்மா. இப்போ கோணி இருந்தா ஆள் இல்ல, கோணி இல்லேன்னா ஆள் இருக்கு. ஒரு பேஜாரும் இல்ல."

நம்ம வண்டி

ஊரார் வண்டிகள் அடங்க ஆரம்பித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எல்லாரையும்விட வேகமாகப் போனது எங்கள் கம்பெனியின் டிப்பர் லாரிகள்தான். மண்ணும் ஜல்லியும் கொண்டுவரும் அந்த டிரைவர்களுக்கு நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி, அதனால் எத்தனை நடை அடித்தோம் என்பதே பேச்சு. நான் சிவப்புக் கொடி காட்டினால் "நம்ம மேடம்தான்" என்று கையாட்டிவிட்டுப் போவார்கள். ஒருநாள் முதல் டிப்பரை மறித்தேன். ஓட்டியவர் ஏழுமலை, டிரைவர்களிலேயே சீனியர். "வேகமா வந்த வண்டி இங்க இறக்கக் கூடாது. திரும்பிப் போய் வரிசைல கடைசியில நில்லுங்கண்ணே" என்றேன். ராவ் சார் ஓடி வந்தார். "ஊர் வண்டிய நிறுத்தச் சொன்னா நம்ம வண்டியவே நிறுத்துறியே!" என்றார். "நம்ம வண்டியே அறுபதுல போனா, நான் எந்த முகத்தோட சார் அடுத்தவனுக்குக் கொடி காட்டுறது?" என்றேன்.

கொஞ்ச நாள் யுத்தம்தான். என் ஸ்கூட்டர் டயரில் காற்று இருக்காது. நான் வந்தால் டீக்கடை பெஞ்ச் காலியாகிவிடும். ஒரு டிரைவர் வேண்டுமென்றே பத்தில் ஊர்ந்து வந்து பின்னால் அரை மைல் வண்டிகளை நிறுத்திவிட்டான். நான் காற்றை அடித்துக்கொண்டு வந்தேன். காலி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து டீ குடித்தேன். வரிசையின் கடைசிக்கு அனுப்புவதை மட்டும் விடவில்லை. கடைசிக்குப் போய்ப் போய் நடை குறைந்ததும் டிரைவர்கள் தாங்களாகவே முப்பதுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படி ஒழுங்காக வந்த முதல் நாள் ஏழுமலை என் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஒரே ஒரு சந்தேகம் மேடம். சர்ச்சுல ஜெபம் பண்றப்போகூட முப்பதுலதான் பண்ணுவீங்களா?"

வள்ளி

எங்களுக்குக் கொடி காட்டும் வேலையில் இருந்தவள் வள்ளி. ஆம்பூருக்குப் பக்கத்து ஊர். முன்பு ஷூ ஃபேக்டரியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஆர்டர் குறைந்து ஆட்களைக் குறைத்தபோது இங்கே வந்து சேர்ந்தாள். ஒல்லியான உடம்பு. ஆனால் கொடியைத் தூக்கினால் ஒரு தெளிவு இருக்கும். கை பாதியில் தயங்காது. அன்று காலை, பாலத்துக்கு மேலே கிரேன் ஒன்று உத்தரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. வண்டிகளை நிறுத்த வள்ளி சிவப்புக் கொடியைக் காட்டினாள். முன்னால் வந்த வண்டிகள் நின்றன. பின்னால் பெங்களூர் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கார். ஓட்டியவனின் கண் கைபேசியில். கடைசி நொடியில் நிமிர்ந்து பார்த்தவன், நின்றிருந்த வண்டிமேல் மோதாமல் ஓரமாக ஒடித்தான். ஓரத்தில் வள்ளி நின்றிருந்தாள். அவள் குதித்துவிட்டாள். ஆனாலும் காரின் பக்கக் கண்ணாடி கையில் அடித்து அவளை ஜல்லிமேல் தூக்கிப் போட்டது.

நான் ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் முதலில் என் கால் வரவில்லை. அதற்குள் கம்பி கட்டுகிறவர்கள் காரைச் சுற்றிவிட்டார்கள். ஒருவன் கையில் கம்பி இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. "யாரும் கை வைக்கக் கூடாது! முதல்ல வள்ளியப் பாருங்க!" என்று கத்தினேன். கை முழங்கைக்குக் கீழே கோணலாகத் தொங்கியது. ஆம்புலன்ஸ் அந்த நெரிசலில் வந்து சேர நேரமாகும். பலகைத் துண்டு வைத்து என் துப்பட்டாவால் கட்டி, அந்தக் காரிலேயே பின் சீட்டில் படுக்க வைத்தேன். கார்க்காரப் பையன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனால் சாவியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. டிப்பரை அப்படியே விட்டுவிட்டு ஏழுமலை ஓடி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

பதற்றத்தில் அவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். கார் சீறிக்கொண்டு கிளம்பியது. இரண்டு பக்கமும் எங்கள் ஆட்கள் இன்னும் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். என் மடியில் தலை வைத்திருந்த வள்ளி கண்ணைத் திறக்காமலே, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "ஏழுமலண்ணே, போர்டு இன்னும் முடியல. முப்பதுல போ."

நிறுத்தினேன்

எலும்பு உடைந்திருந்தது, பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். கை பிழைக்கும் என்று டாக்டர் சொன்னதும் அவள் வீட்டுக்காரரை உட்கார வைத்துவிட்டு சைட்டுக்குத் திரும்பினேன். போலீஸ் கேஸ் எழுதிக்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் வேலை மறுபடியும் தொடங்கியிருந்தது. நான் மேலே ஏறிப் போய், "இறங்குங்க எல்லாரும்" என்றேன். வள்ளிக்கும் வண்டிக்கும் நடுவில் அன்று இருந்தது ஒரு பிளாஸ்டிக் கூம்பு மட்டும். தண்ணீர் நிரப்பும் கனமான தடுப்புகள் வர வேண்டும். வண்டி தடதடவென்று அதிரும்படி ரோட்டில் குறுக்குப் பட்டைகள் போட வேண்டும். கொடி காட்டுகிறவர் நிற்கத் தடுப்புக்குப் பின்னால் மேடை வேண்டும். இதையெல்லாம் நான் முன்பே கேட்டு, "பாக்கலாம்" என்ற பதிலோடு நின்றிருந்தது. இப்போது வரும்வரை ஒரு கம்பிகூடக் கட்டக் கூடாது என்றேன். வேலையை நிறுத்தும் அதிகாரம் காகிதத்தில் எனக்கு உண்டு. அதை உண்மையிலேயே பயன்படுத்திய சேஃப்டி ஆபீசரை அதுவரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து போன். "ஒருத்தருக்குக் கை உடைஞ்சதுக்குப் பாலத்தையே நிறுத்துவாங்களா?" என்றது குரல். "அடுத்தது கையோட போகாது சார்" என்றேன். வேலையே போய்விடலாம் என்று தெரிந்தது. ஆனாலும் சொன்னதை மறுபடி சொன்னேன், மூன்றாம் முறையும் அதையே சொன்னேன். ராவ் சார் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்று காலைதான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வள்ளியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சட்டென்று கையை நீட்டி என் போனை வாங்கினார். "சார், அந்தம்மா நிறுத்தினது நேத்து. இன்னைக்கு நிறுத்தியிருக்கறது நான். பேர் எழுதணும்னா ரெண்டு பேரையும் எழுதிக்கோங்க."

ஃபேக்டரி பஸ்

தடுப்புகள் வந்தன. பட்டைகள் போட்டோம். காலை நேரத்தில் ஒரு எஸ்.ஐ. ஜீப்போடு வந்து நிற்க ஆரம்பித்தார். எல்லா வண்டியும் அடங்கியது, ஷூ ஃபேக்டரிக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஒரு பஸ்ஸைத் தவிர. பட்டைமேல் தகரப்பெட்டி போல அதிர்ந்துகொண்டே பறக்கும். டிரைவரைக் கேட்டால், "சைரன் அடிச்சா கேட் சாத்திடுவாங்க மேடம், நான் இன்னா பண்ணட்டும்?" என்பார். ஃபேக்டரி ஆபீசில் பேசினேன். காபி கொடுத்து அனுப்பினார்கள். எஸ்.ஐ. இரண்டு தடவை அபராதம் போட்டார். மூன்றாம் நாளும் பறந்தது.

ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் விட்டதும் அந்த பஸ்ஸில் நானே ஏறினேன். டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினேன். பாலத்தடியில் என்ன வேலை நடக்கிறது, அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள், வள்ளிக்கு என்ன ஆனது என்று சொன்னேன். "தையல் லைன்ல இருந்த வள்ளியா?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். "நம்ம வள்ளியா?" என்று இன்னொன்று. தூங்கியவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். யாரும் எனக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. எல்லாரும் ஒன்றாகத் திரும்பி டிரைவரின் முதுகைப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து எல்லாரும் ஸ்டாப்புக்குச் சீக்கிரமே வந்து நின்றார்களாம். பஸ் நேரத்தோடு கிளம்பி, என் ஸ்பீடு கன்னில் இருபத்தெட்டு காட்டிக்கொண்டு வந்தது. விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு டிரைவர் ஜன்னல் வழியாகச் சொன்னார்: "ஒரு மாமியாரையே சமாளிக்க முடியல. பஸ் நெறைய மாமியாரா ஏத்தி விட்டுட்டீங்களே மேடம்!"

தண்ணி

ஒரு மத்தியானம், ஆட்கள் தடுப்புக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிமென்ட் லாரி ஒன்று முன் டயர் வெடித்து நேராகத் தடுப்பின்மேல் ஏறியது. பீரங்கி போட்டது போல ஒரு சத்தம். நான் போய்ப் பார்ப்பதற்குள் செத்துப் பிழைத்தேன். லாரி பட்டைகளில் ஏறி வேகம் தணிந்து வந்திருந்ததால், முதல் தடுப்பை உடைத்து இரண்டாவதில் முட்டி நின்றுவிட்டது. தடுப்பிலிருந்த தண்ணீர் முழுவதும் சாப்பிட்டவர்கள்மேல் கொட்டியிருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தலையிலிருந்து நீர் சொட்ட, தட்டைக் கையில் பிடித்தபடி எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், பீகாரிலிருந்து வந்து எங்கள் தமிழை அரைகுறையாகக் கற்றிருந்த கம்பி கட்டும் ராம்பிரசாத் தன் தட்டைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்: "மேடம், சாம்பார்ல தண்ணி ஜாஸ்தி."

மறுபடியும் கொடி

கட்டுப் பிரித்து, வேலை செய்யலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு வள்ளி வந்தாள். ராவ் சார் அவளுக்காக ஸ்டோர் ரூமில் நாற்காலி போட்டு வைத்திருந்தார். அவள் வீட்டுக்காரருக்கும் அதுதான் விருப்பம். எனக்கும்தான், சொல்லப்போனால். வள்ளி நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இங்க உக்காந்தா பயமும் கூடவே உக்காந்துக்கும் மேடம். கொடியக் குடுங்க" என்றாள். நான் மறுத்துப் பார்த்தேன். வாதாடவில்லை அவள், கையை நீட்டியபடியே நின்றாள். யாரிடம் கற்றுக்கொண்டாளோ தெரியவில்லை.

புது மேடையில், தடுப்புக்குப் பின்னால் நின்றாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். பெங்களூர் பக்கமிருந்து ஒரு பெரிய ஏசி பஸ் வந்தது. அவள் கொடியைத் தூக்கினாள். பிளேட் வைத்த கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். கொடி இறங்கவில்லை. பஸ் ஐம்பது போர்டில் தணிந்தது, நாற்பதில் தணிந்தது, பட்டைகளில் தடதடத்து, அவளுக்கு முன்னால் பெருமூச்சு விட்டு நின்றது. வள்ளி அதன் கண்ணாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "நின்னுடுச்சு மேடம். அவ்ளோ பெரிய வண்டி, நின்னுடுச்சு."

ஆக, எங்கள் தொழிலில் நன்றாக வேலை பார்த்த நாளுக்கு ஒரே அடையாளம் அன்றைக்கு எதுவுமே நடக்காததுதான், அதனால் சாயங்காலம் வீட்டில் "இன்னைக்கு இன்னா பண்ணே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அப்படியானால் பாத்திரம் தேய்க்கலாமே என்ற பதிலையும் வாங்கிக்கொள்கிறேன்.